கொங்கு சாலைக்கு ஒரு துடியான கார்: பத்து லட்சத்தை ஒட்டி எதைப் பார்த்து வாங்குவது

"மைலேஜ் எவ்வளவுங்க? பிக்கப் எப்படிங்க?" கோவையிலோ ஈரோட்டிலோ ஷோரூமுக்குள் நுழைகிறவர் கேட்கும் முதல் இரண்டு கேள்விகள் இவை. முதலாவதற்கு விற்பனையாளர் கையில் ஒரு எண் இருக்கும். இரண்டாவதற்குக் குதிரைத்திறனைச் சொல்வார், இல்லாவிட்டால் பூஜ்யத்திலிருந்து நூறைத் தொட எத்தனை விநாடி என்பார். கேட்டவருக்கு வேண்டியது அந்த இரண்டும் இல்லை. பல்லடம்–உடுமலை சாலையில் தேங்காய் ஏற்றிய லாரி ஒன்று 50-இல் போகிறது. எதிரே சற்று நேரம் சாலை காலி. மூன்றாம் கியரில் மிதித்தால் வண்டி 85-ஐ எவ்வளவு சீக்கிரம் தொடும்? பிக்கப் என்று நம்ம பக்கம் சொல்வது இதைத்தான். அன்றாடம் ஓட்டும் காரின் துடிப்பு பயன்படுவது 40-க்கும் 90-க்கும் இடைப்பட்ட இந்த வேகத்தில். தேர்வையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

இந்த வேகத்தில் வண்டியை இழுப்பது டார்க் எனப்படும் முறுக்குவிசை. அது எவ்வளவு என்பதோடு, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும்போது கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024-இல் வந்த ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் இன்ஜின் 82 பி.எஸ். (குதிரைத்திறன்) திறனும் 112 என்.எம். (நியூட்டன் மீட்டர்) டார்க்கும் தருகிறது. ஆனால் அந்த 112 முழுதாகக் கிடைப்பது 4,300 சுற்றில். ஹூண்டாய் ஐ20 என் லைனில் இருப்பது டர்போ, அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கம்ப்ரசர் உள்ள, 1.0 லிட்டர் இன்ஜின்: 120 பி.எஸ்., 172 என்.எம். அந்த 172 என்.எம். 1,500 சுற்றிலிருந்து 4,000 வரை கிட்டத்தட்ட ஒரே மட்டமாக நிற்கும். லாரியை முந்தும்போது ஸ்விஃப்ட்காரர் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கி இன்ஜினைக் கத்தவிட வேண்டும். டர்போகாரர் மூன்றாம் கியரிலேயே மிதித்துவிட்டுப் போகலாம். கியரை மாற்றி மாற்றி, சுற்றை ஏற்றி ஓட்டுவதில் சுகம் காண்பவருக்கு ஸ்விஃப்ட் அருமையான வண்டி. வேலை முடிந்து களைத்து வீடு திரும்புகிறவருக்கு டர்போ மேல்.

அடுத்தது எடை. ஆர்.சி.யில் வண்டியின் வெற்று எடை கிலோவில் அச்சாகியிருக்கும். பி.எஸ்.ஸை டன்னால் வகுத்துப் பாருங்கள். ஸ்விஃப்ட் ஏறக்குறைய 920 கிலோ. டன்னுக்கு 89 பி.எஸ். வருகிறது. 115 பி.எஸ். டர்போ உள்ள, 1,200 கிலோவை ஒட்டிய ஒரு செடானுக்கு 96. பெரிய வித்தியாசம் இல்லை. நான்கு பேரும் பைகளுமாக 300 கிலோ ஏற்றிய பிறகு அதே கணக்கைப் போட்டால் ஸ்விஃப்ட் 67-க்கு இறங்கும், செடான் 77-இல் நிற்கும். எடை குறைந்த வண்டி தனியாக ஓட்டுகிறவருக்குச் சிட்டாகப் பறக்கும். குடும்பத்தோடு பழனிக்குப் போகும்போது மூச்சு வாங்கும். வாரத்தில் ஆறு நாள் வண்டியில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதை முதலில் எண்ணிக்கொள்ளுங்கள்.

எடையைக் குறைத்தே வேகத்தைக் கொண்டுவரலாம் என்பதற்குக் கோவையே சாட்சி. மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்து, ஃபார்முலா மாருதி என்ற வகையை உருவாக்கியவர் இந்த ஊர் கரிவர்தன். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் நினைவாகப் பெயர் பெற்றது. பெரிய இன்ஜின் இல்லாமலே ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் அந்தச் சின்ன வண்டிகளில் பந்தயம் பழகினார்கள்.

மலை ஏறும்போது

கொங்கு நாட்டில் கார் வைத்திருப்பவர் எப்படியும் மலை ஏறுவார். ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27, ஏற்காட்டுக்கு 20, கொல்லிமலைக்கு 70. சமவெளியில் தெரியாத குறைகள் இங்கே வெளியே வரும்.

உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. 1,000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். டர்போ இல்லாத இன்ஜின் உள்ளிழுக்கும் காற்றும் அதே அளவு குறையும். ஊட்டி 2,240 மீட்டர். கடல்மட்டத்தில் 82 பி.எஸ். தரும் இன்ஜின் அங்கே 65-ஐ ஒட்டித்தான் தரும். டர்போ கம்ப்ரசர் கூடுதலாகச் சுழன்று இந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். கோத்தகிரி வழியாக ஊட்டி ஏறும்போது சிறிய டர்போ வண்டிகள் தம்மைவிடப் பெரிய, டர்போ இல்லாத வண்டிகளைத் தாண்டிப் போவது இதனால்தான்.

ஆனால் கொண்டை ஊசி வளைவுக்குள் கதை மாறும். வளைவில் வேகம் 15 கி.மீ.க்கு இறங்கும். பெரும்பாலான கார்களில் இரண்டாம் கியரில் 15 என்றால் இன்ஜின் 1,000 முதல் 1,200 சுற்றுக்குள் இருக்கும். டர்போ விழிக்க 1,500-க்கு மேல் வேண்டும். அதற்குக் கீழே உங்கள் காலடியில் இருப்பது டர்போ இல்லாத ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின். அதோடு ஐந்து பேர். வண்டி ஒரு கணம் தயங்கி, பிறகு திடீரென்று பாயும். மழையில் நனைந்த வளைவில் அந்தப் பாய்ச்சல் முன்சக்கரத்தை வழுக்கவிடும். வழி எளியது: வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள், வளைவு நிமிர்ந்த பிறகு இரண்டுக்குப் போங்கள். "செகண்டுலயே ஏறிடும்" என்று பிடிவாதமாகக் கிளச்சைப் பாதி மிதித்து ஏற்றுகிறவர்கள் வால்பாறை போய்ச் சேர்வதற்குள் கிளச் கருகும் வாசனையை முகர்வார்கள்.

கியர்பாக்ஸ் தேர்விலும் மலைதான் தீர்ப்பு சொல்லும். ஏ.எம்.டி. என்பது கையால் மாற்றும் கியர்பாக்ஸ்தான். கிளச்சையும் லீவரையும் ஒரு மோட்டார் இயக்குகிறது. மாற்றும் நேரத்தில் இழுவை ஒரு கணம் அறுந்துபோகும். ஏற்றத்தில் அந்தக் கணம் நீளமாகத் தெரியும். மலிவாகக் கிடைக்கிறது, மைலேஜ் தருகிறது, நகரத்துக்கு நல்லது. துடியான ஓட்டத்துக்குப் பொருந்தாது. டி.சி.டி. என்ற இரட்டைக் கிளச் மின்னல் வேகத்தில் மாறும். சிறிய கார்களில் வரும் டி.சி.டி. பலவற்றில் கிளச் உலர்வகை. குளிர்விக்க ஆயில் கிடையாது. அரசுப் பேருந்துக்குப் பின்னால் ஏற்றத்தில் நத்தை போல் ஊர்வது, நகர நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்வது, சரிவில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைப்பது, மூன்றும் அதைச் சூடாக்கும். முன்னால் இடைவெளி விட்டு, நகர்ந்தால் ஒரேயடியாக நகர்ந்து, நின்றால் பிரேக்கில் நிற்கப் பழகியவருக்கு டி.சி.டி. உழைக்கும். அந்தப் பொறுமை இல்லாதவர், கிளச்சுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கை எடுக்கலாம். மாறுவது கொஞ்சம் மந்தம். ஆனால் ஊர்ந்து ஏறுவதற்கு அதைப் போலத் தாங்கும் ஆட்டோமேட்டிக் வேறில்லை. மாருதி ஃபிராங்ஸ் டர்போவிலும் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா 1.0-விலும் டார்க் கன்வெர்ட்டர் கிடைக்கிறது. எங்கள் தேர்வு, இடது கால் ஒத்துழைக்கும் வரை, மேனுவல்தான்.

நான்கு மீட்டரும் பத்து லட்சமும்

நம் நாட்டில் துடியான சிறிய கார்கள் ஒரு லிட்டர், 1.2 லிட்டர் இன்ஜினோடு 4 மீட்டருக்குள் அடங்கிப்போவதற்கு வரிதான் காரணம். 2006 பட்ஜெட்டில் சிறிய காருக்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள்: நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். இன்றும் அதே கோடுதான். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தக் கோட்டுக்குள் இருக்கும் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; தாண்டினால் 40. ஐ20 என் லைன் உள்ளே, விர்டஸ் வெளியே.

இதற்கு மேல் தமிழ்நாட்டுச் சாலை வரி. 2023 நவம்பர் முதல் 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18. கணக்கைப் பாருங்கள்: 9.90 லட்சம் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10.20 லட்சம் வண்டிக்கு 1,83,600. ஷோரூம் விலையில் 30,000 கூடினால் ஆர்.டி.ஓ.வில் மேலும் 54,900 போகிறது. சன்ரூஃபுக்காக மேல் வேரியன்ட் எடுத்துப் பத்து லட்சத்தைத் தாண்டுகிறவர், அந்தக் கண்ணாடிக் கூரைக்கு உண்மையில் கொடுத்த விலை என்னவென்று பில்லில் தேடினாலும் தெரியாது. பத்துக்குள் நின்று, மிச்சத்தை நல்ல டயருக்கும் இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்புக்கும் வைப்பது மேல்.

புதிதாக எடுப்பவருக்கு எங்கள் வரிசை இது. தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர், பட்ஜெட் இறுக்கம் என்றால் ஸ்விஃப்ட் மேனுவல். ஆறு ஏர்பேக்கும், வழுக்கும்போது வண்டியை நிலைப்படுத்தும் ஈ.எஸ்.சி.யும் எல்லா வேரியன்டிலும் வருகின்றன, எந்த ஊர்ப் பட்டறையிலும் பார்ப்பார்கள். கொஞ்சம் நீட்டிக்க முடிந்தால் ஐ20 என் லைன் மேனுவல்: சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன், கனமான ஸ்டீயரிங், பின்னாலும் டிஸ்க் பிரேக். குடும்பம் பெரிது, நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் என்றால் வரியைச் சகித்துக்கொண்டு விர்டஸ் அல்லது ஸ்லாவியா 1.0 மேனுவல்: 115 பி.எஸ்., 178 என்.எம். ஃபிராங்ஸ் டர்போ 100 பி.எஸ்.தான், ஆனால் 190 மி.மீ. தரை இடைவெளி இருப்பதால் தோட்டத்துச் சாலை வரை போகிறவருக்கு அதுவே பொருந்தும்.

பழைய வண்டிச் சந்தை இதைவிடச் சுவையானது. ஃபோக்ஸ்வாகன் போலோ 2022-இல் நின்றது. 2020-க்குப் பிந்தைய 1.0 டி.எஸ்.ஐ. (டர்போ பெட்ரோல்) 110 பி.எஸ்., ஆறு வேக மேனுவல். நல்ல கன்டிஷனில் கிடைத்தால் தயங்க வேண்டாம். ஃபோர்டு 2021-இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தாலும், ஃபிகோவின் 1.5 டீசல் (100 பி.எஸ்., 215 என்.எம்.) இன்றும் மலைப்பாதையில் பலரை வியக்க வைக்கிறது. ஃபியட்டின் 145 பி.எஸ். புன்டோ அபார்த் கைக்கு வந்தால் ரசிக்கலாம், பார்ட்ஸ் தேடும் தெம்பு இருந்தால் மட்டும். நம் ஊர் பெருமையாக ஒன்று: கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி., 1.2 டர்போ, 114 பி.எஸ்., 150 என்.எம். சில ஆண்டுகளே விற்றது, எண்ணிக்கை குறைவு. முட்டாத வண்டி கிடைத்தால், அந்த விலைக்கு அதற்கு நிகர் இல்லை.

டயரும் பிரேக்கும் காற்றும்

சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர். இதில் மிச்சம் பிடித்துவிட்டு இன்ஜினில் செலவழிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அளவு மாற்றும்போது டயரின் மொத்த விட்டத்தைக் கணக்கிடுங்கள். 185/65 ஆர்15 என்றால் ரிம் 381 மி.மீ., பக்கச்சுவர் 185-இல் 65 சதவீதமாக 120.25 மி.மீ., அது இரு பக்கமும், மொத்தம் 621.5. 195/55 ஆர்16-க்கு அதே கணக்கில் 620.9. விட்டம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஸ்பீடோமீட்டர் பிசகாது, ஏ.பி.எஸ். குழம்பாது. மூன்று சதவீதத்துக்கு மேல் மாறினால் இரண்டும் கெடும். பக்கச்சுவர் 120-லிருந்து 107-க்கு இறங்கியதால் வளைவில் வண்டி சொன்னபடி கேட்கும். திருப்பூர் சாலைக் குழியில் ரிம் வளையும் வாய்ப்பும் கூடும். 17 அங்குலம் நம் சாலைக்கு வேண்டாம். பக்கச்சுவரில் பதிந்த நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பூ தேயாமல் இருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேலான டயர் கல் போல் இறுகியிருக்கும், வால்பாறை மழையில் பிடிக்காது. காற்றை, வண்டி ஓடிச் சூடாகும் முன் காலையில் பாருங்கள்.

இறக்கத்தில் பிரேக் தோற்றுப்போவது பெரும்பாலும் பிரேக் ஆயிலால். டாட் 4 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது ஆயில் கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கான தர வரம்பு 155 டிகிரிதான். நாற்பது வளைவும் பிரேக்கிலேயே இறங்கினால் காலிப்பரில் ஆயில் கொதித்துக் குமிழி வரும். பெடல் பஞ்சு போல் உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். ஏறும்போது எந்தக் கியர் கேட்டதோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில் டிஸ்க் ஆறும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவதும் சட்டம்.

காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வெளிகளில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே வேகத்தில் காரின் விலாவிலும் அறையும். எடை குறைந்து உயரம் கூடிய வண்டி 100-இல் பக்கவாட்டில் தள்ளாடும். லாரியின் மறைப்பிலிருந்து வெளியே வரும் கணத்தில் ஸ்டீயரிங்கை இரு கையாலும் பிடித்திருக்க வேண்டும். தாழ்வான செடான்கள் மேல் எங்களுக்கு உள்ள பிரியத்துக்கு இது ஒரு காரணம்.

சின்ன டர்போவைச் சாகடிக்கும் பழக்கம்

மைலேஜுக்காக 40-இல் ஐந்தாம் கியர் போட்டு, அதிலேயே மிதித்து ஏற்றுவது நம்ம பக்கம் பரவலான பழக்கம். பழைய இன்ஜின்கள் பொறுத்துக்கொண்டன. நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறிய டர்போவில் குறைந்த சுற்றில் அதிக அழுத்தம் கொடுத்தால், தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளலாம். அந்த அடி பிஸ்டனையே உடைக்கக்கூடியது. 1,800 சுற்றுக்குக் கீழே மிதிக்காதீர்கள், கியரை இறக்குங்கள். ஏ.பி.ஐ. எஸ்.பி. தர இன்ஜின் ஆயில்கள் இந்தக் கோளாறைக் குறைக்கும்படி செய்யப்பட்டவை; கேனில் அந்த எழுத்தைப் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள். மலை ஏறி நின்றதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் டர்போவுக்குள் ஆயில் கருகாது. நேரடிப் பீய்ச்சலில் பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவாது என்பதால் அங்கே கரி படியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் உதறுவது அதன் அறிகுறி.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் ஆற்றல் தூய பெட்ரோலை விட 6 முதல் 7 சதவீதம் குறைவு, மைலேஜில் அது தெரியும். டர்போவுக்கு அதன் 95 ஆக்டேன் நல்லதே. 2023-க்கு முந்தைய வண்டி வாங்கினால் பெட்ரோல் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய துடியான வண்டிகளில் பாதிக்கு யாரோ ஒருவர் கை வைத்திருப்பார். கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் வேலைக்குப் பஞ்சமில்லை, திறமையும் உண்டு; ஆனால் செய்யக் கூடாததைச் செய்யாமல் இருப்பதும் திறமைதான். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் ரப்பர் கட்டையில் இடிக்கும், டிரைவ் ஷாஃப்ட் பூட் கிழியும். திறனைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றிய, அதாவது ரீமேப் செய்த, வண்டியில் கிளச் சீக்கிரம் போகும். கம்பெனி வாரன்டி செல்லாது; இன்ஷூரன்ஸில் அறிவிக்காத மாற்றம் கிளைமின்போது தகராறாகும். ஸ்பிரிங்கின் நுனி வெட்டுத் தழும்பு, பம்பருக்குள் புது போல்ட், உள்விளிம்பு மட்டும் தேய்ந்த முன் டயர், ஆர்.சி.யில் கழற்றாத ஹைப்போதிகேஷன் (கடன் அடமானப் பதிவு), இந்த நான்கையும் பார்க்காமல் டோக்கன் கொடுக்காதீர்கள். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். வரும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் இன்னொரு நாள் போங்கள்.

புது வண்டியோ பழையதோ, டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் காட்டும் இரண்டு கிலோமீட்டரில் முடிக்க வேண்டாம். சென்னிமலை, சிவன்மலை, திருச்செங்கோடு என்று வண்டி ஏறும் கோயில் மலை எதுவும் வெகுதூரமில்லை. நான்கு பேரை ஏற்றி, ஏ.சி. போட்டு ஏறுங்கள். முதல் வளைவில் இரண்டாம் கியர் எடுக்கிறதா, கிளச் வாசனை வருகிறதா, வெப்பநிலைக் காட்டி அசைகிறதா பாருங்கள். இறங்கும்போது பிரேக் பெடலில் அதிர்வு வந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. வேகத்தடையில் முன்பக்கம் "டக் டக்" என்றால் லோயர் ஆர்ம் புஷ்ஷோ ஸ்டெபிலைசர் லிங்க்கோ போயிருக்கும். பின்சீட்டில் வயதானவர் ஒருவரை உட்கார வைத்துக் கூட்டிப்போங்கள். இறங்கியதும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டால், அந்த வண்டியின் சஸ்பென்ஷன் உங்கள் வீட்டுக்கு ஆகாது.